ஆளில்லாத அறைக்கு எதற்கு ஏசி? வேலூர் வெயிலில் ஒரே அறையைக் குளிரவைத்து கரன்ட் பில்லைக் குறைக்கும் முழு வழி

சத்துவாச்சாரியிலும் காட்பாடி காந்தி நகரிலும் இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளைப் பார்த்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை வேண்டும் என்று மூன்று படுக்கையறை போட்டுக் கட்டினார்கள். பிள்ளைகள் இப்போது பெங்களூரிலோ டெக்சாஸிலோ இருக்கிறார்கள். வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர், இரண்டு மூன்று ஏசி, அக்னி நட்சத்திரம் முடிந்ததும் வருகிற பில்.

குளிர் நாடுகளில் இதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் சூடுநீர் ஓடும் ரேடியேட்டர் இருக்கும். ஆளில்லாத அறையில் அதன் வால்வைத் திருகி மூடிவிட்டு எரிவாயுச் செலவைக் குறைப்பார்கள். அப்படி மூடும்போதும் ஒரேயடியாக மூடாமல் கொஞ்சம் கதகதப்பாக விட்டுவைப்பவர்கள் உண்டு. அறை அடியோடு குளிர்ந்தால் சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும், பக்கத்து அறையின் சூட்டையும் நடுச்சுவர் வழியே இழுத்துக்கொள்ளும். நம் ஊரிலும் நடுச்சுவர் அதே வேலையைத்தான் செய்கிறது. பூட்டிய அறையில் சேரும் வெயில் ராத்திரி பக்கத்து அறைக்கு வந்து உங்கள் ஏசியோடு மல்லுக்கு நிற்கும். அதனால் மற்ற அறைகளின் ஏசியை அணைத்தோம், கதவைச் சாத்தினோம் என்பதோடு வேலை முடிவதில்லை. பூட்டிய அறையை என்ன நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் மீதிச் சேமிப்பு இருக்கிறது.

முதலில் மீட்டரைப் பாருங்கள்

எந்த மாற்றத்துக்கும் முன்னால் இப்போது எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். கேடபிள்யூஎச் என்று காட்டும்போது வருவதுதான் யூனிட். ராத்திரி ஏசி போடும்போது ஒரு ரீடிங், காலையில் அணைக்கும்போது ஒரு ரீடிங் எடுத்துக் காலண்டர் தாளில் எழுதுங்கள். ஏசி போடாத ஒரு ராத்திரியும் இதே மாதிரி எடுத்தால் ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று தெரியும். அதைக் கழித்தால் மீதி ஏசியுடையது.

ஒன்றரை டன் பழைய மாடல் ஏசி, கம்ப்ரசர் ஓடுகிற ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். நடுநடுவே நின்று நின்று ஓடுவதால் ஒரு ராத்திரிக்கு ஆறு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறையில் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். வீட்டின் மற்ற செலவு 140 யூனிட் என்றால் மொத்தம் 860. அதையே ஒரு அறையாக்கி, கீழே சொல்லும் வேலைகளையும் செய்து, ராத்திரிக்கு ஐந்து யூனிட்டில் நிறுத்தினால் மொத்தம் 440. 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் கணக்குக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய், இரண்டாவதற்கு ஆயிரத்து ஐந்நூறுக்குள்.

யூனிட் பாதியாகும்போது பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போவதற்குக் காரணம் ஸ்லாப். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. அந்தக் கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த நூறு யூனிட்டுக்குச் சலுகை விலை உண்டு. 500-ஐத் தாண்டிய நிமிஷம் அந்தச் சலுகை போய்விடும். மேலே ஏறும் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், ஆயிரத்தைத் தாண்டினால் பதினோரு ரூபாய்க்கு மேல். 500-இல் நிற்கும் வீட்டுக்கும் 510-க்குப் போகும் வீட்டுக்கும் இடையே சுமார் 300 ரூபாய் வித்தியாசம் வருவது இதனால்தான். ஆகவே இலக்கு 500-க்குள். மீட்டர் ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையில் போன முறை கணக்கெடுத்த தேதியும் ரீடிங்கும் இருக்கும். மாதம் ஒருமுறை பார்த்தாலே எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்துவிடும்.

எந்த அறை குளிர வேண்டும்?

பெரும்பாலான வீடுகளில் பெரிய அறை, அதாவது மாஸ்டர் பெட்ரூம்தான் ஏசி அறை. அது மாடியில், மேற்குப் பார்த்து, அட்டாச்டு பாத்ரூமோடு இருக்கும். குளிரவைக்க அதைவிட மோசமான அறை வீட்டில் கிடைக்காது.

வேலூரின் வெயில் குணம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. சென்னைக்குச் சாயங்காலம் கிடைக்கும் கடற்காற்று இங்கே வந்து சேருவதற்குள் ராத்திரியாகிவிடும், பல நாள் வருவதேயில்லை. ‘மரமில்லா மலை, நீரில்லா ஆறு’ என்று ஊரைக் கேலி செய்வார்களே, அந்த மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டிருக்கும். வீட்டுச் சுவரும் அப்படித்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மத்தியானம் மூன்று மணிக்கு வாங்கும் சூடு உள்பக்கம் வந்து சேர ராத்திரி ஒன்பது பத்து மணியாகும், சரியாக நீங்கள் படுக்கப் போகும் நேரம். மொட்டை மாடி கான்கிரீட்டின் அடிப்பக்கம் அதற்கு முன்னமே, சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கே கொதிக்கத் தொடங்கிவிடும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஐம்பது ரூபாய் தெர்மாமீட்டர்கூட வேண்டாம், கைக்கே தெரியும். எந்த அறைக்கு மேலே இன்னொரு தளம் இருக்கிறதோ (தலைக்கு நேரே வெயில் படாது), எது வடக்கோ கிழக்கோ பார்த்திருக்கிறதோ, எதற்கு வெளிச்சுவர் குறைவோ, அதுதான் உங்கள் குளிர் அறை. சின்ன அறையாக இருந்தால் இன்னும் நல்லது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குக் கீழ்த்தளத்தில் ஒரு டன் தாராளம். மொட்டை மாடிக்குக் கீழே என்றால் அதே அறைக்கு ஒன்றரை டன் கேட்கும்.

மேற்கு அறையைக் காலியாக விடுவதில் இன்னொரு லாபம் உண்டு. மேற்கு வெயிலை அது தாங்கிக்கொள்ளும், குளிர் அறையின் சுவரில் நேரடியாக வெயில் படாது. ஏசியை அறை மாற்றி மாட்டக் கூலியும் கேஸும் செலவாகும்தான். ஆனால் கட்டிலை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் இதை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. பெரிய அறையை விட்டுக்கொடுக்க மனசு வராததுதான் காரணமாக இருக்கும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். “எனக்கு ஏசி ஆகாதுப்பா, ஹால்லயே படுத்துக்கறேன்” என்று சொல்கிற அம்மாவை வற்புறுத்த வேண்டாம். ஆனால் 42 டிகிரி நாளில் வயதானவர்களுக்கு ராத்திரியாவது உடம்பு ஆற வேண்டும். 27 டிகிரியில் வைத்து, காற்று நேரே மேலே படாமல் கட்டிலைத் தள்ளிப் போட்டால் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள்.

மொட்டை மாடி

குளிர் அறைக்கு மேலே மொட்டை மாடிதான் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். சுண்ணாம்பு அடிப்பதுதான் மலிவான வழி. கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறப்போட்டு, மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்துக் கலக்கிக்கொள்ளுங்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. பிளாஸ்டிக் வாளி வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. மாடியைப் பெருக்கிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே சாயங்காலம் ஒரு கோட், மறுநாள் சாயங்காலம் இன்னொரு கோட். உச்சி வெயிலில் அடித்தால் காய்ந்து பொடியாக உதிரும். மழைக்காலத்தில் கரைந்து போகும் என்பதால் வருஷா வருஷம் பங்குனி வாக்கில் அடிக்க வேண்டிய வேலை இது. வருஷா வருஷம் முடியாது என்பவர்கள் மாடிக்கென்றே வரும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம், விலை கூட, ஆனால் சில வருஷம் நிற்கும்.

மாடி முழுவதும் அடிக்கப் பணம் இல்லையென்றால் குளிர் அறைக்கு மேலே உள்ள பகுதியும் அதைச் சுற்றி மூன்றடியும் போதும்.

பச்சை வலை கட்டுகிறவர்கள் மாடித் தரையோடு ஒட்டாமல் ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். நடுவே காற்று ஓடினால்தான் பயன். தென்னங்கீற்று இதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் காய்ந்த கீற்றும் தீபாவளி ராக்கெட்டும் சேரக் கூடாது, ஐப்பசிக்கு முன்னால் இறக்கிவிடுங்கள். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் பல வீட்டில் உண்டு. பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓட்டைகளை அடைப்பது

கதவுக்குக் கீழே அரை அங்குலம் இடைவெளி இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கதவு மூன்றடி அகலம். கணக்குப் போட்டால் 18 சதுர அங்குலம். ஒரு செங்கல்லின் தலைப்பக்கத்தைவிடப் பெரிய ஓட்டை அது. தரைக்கு டைல்ஸ் போடும்போது சீவிய கதவுகளில் இடைவெளி ஒரு அங்குலம்கூட இருக்கும். “இந்தச் சந்துல பூனையே போயிடும்மா” என்று தச்சர் ஒருவர் சொன்னது கொஞ்சம் மிகைதான், ஆனால் குளிர்காற்று கனமானது, தரையோடு ஓடி அந்தச் சந்து வழியாகத்தான் ஹாலுக்குப் போகிறது.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். கதவு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, பத்தியை ஒவ்வொரு விளிம்பாகக் கொண்டுபோங்கள். புகை நேராகப் போனால் சரி. சடாரென்று வளைந்தால் அங்கே காற்று வருகிறது. கதவின் அடி, ஜன்னல் கதவுகள் இரண்டும் சேரும் நடுக்கோடு, ஏசி பைப் போகும் துளை, பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் சிமென்ட் ஜாலி வென்டிலேட்டர், இந்த நான்கு இடத்தில்தான் பெரும்பாலும் புகை ஆடும்.

கதவடிக்கு இரண்டு பக்கமும் பஞ்சுருளை வைத்த உறை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. பழைய லுங்கியைச் சுருட்டித் தைத்தாலும் அதே வேலையைச் செய்யும். ஜன்னல் விளிம்புக்கு ஒட்டும் ஃபோம் டேப், பைப் துளைக்கு எம்சீல் அல்லது வெள்ளை சிமென்ட், ஜாலிக்கு உள்பக்கமிருந்து கழற்றி மாட்டும்படி ஒரு அக்ரிலிக் தகடு. அட்டாச்டு பாத்ரூம் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். அதன் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் ராத்திரி முழுக்க நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்படி அடைத்த அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தவே கூடாது. புகை போக இடமில்லாமல் மூச்சில்தான் சேரும். கொசுவலை கட்டுங்கள். நான்கைந்து பேர் ஒரே அறையில் படுக்கும் வீடுகளில் படுக்கும் முன்பும் நடுவில் எழுந்திருக்கும்போதும் கதவைச் சில நிமிஷம் திறந்து காற்று மாற்றிவிடுங்கள்.

பூட்டிய அறைகளை வைத்திருக்கும் விதம்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஆளில்லாத அறை என்று ஜன்னலை இறுக்கிச் சாத்திப் பூட்டிவிடுகிறார்கள். நான்கு நாளில் அது அடுப்பாகிவிடும். அந்த அடுப்புக்கும் உங்கள் குளிர் அறைக்கும் நடுவே இருப்பது வெறும் நாலரை அங்குலச் சுவர்.

பகலில் வெயில் உள்ளே வராமல் தடுக்க வேண்டும், ராத்திரி உள்ளே சேர்ந்த சூடு வெளியே போக வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ பச்சை வலையோ தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரை பாதி வேலைதான் செய்யும், கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். காலை எட்டு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, ராத்திரி வெளிக்காற்று ஆறியதும் திறந்துவிடுங்கள். கம்பியும் கொசுவலையும் இருக்கும் ஜன்னலாக இருந்தால் விடியும்வரை திறந்திருக்கலாம். கீழ்த்தளத்தில் திருட்டுப் பயம் உள்ளவர்கள் மேல் பாதிக் கதவை மட்டும் திறக்கலாம். அந்த அறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள கதவு மட்டும் சாத்தியே இருக்கட்டும்.

அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கரன்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டரின் பேட்டரியைப் பல வீடுகளில் இப்படி ஒரு அறையில்தான் ஒதுக்குகிறார்கள். சூட்டில் பேட்டரி ஆயுள் குறையும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவும் விடும். காற்றோட்டமில்லாத பூட்டிய அறையில் அது இருக்கவே கூடாது. இரண்டாவது ஃப்ரிட்ஜ் இருந்தால் சூடான அறையில் அது கூடுதல் யூனிட் இழுக்கும்; அதில் இருப்பது மாவுப் பாத்திரமும் நாலு எலுமிச்சம்பழமும்தான் என்றால் அணைத்துக் கதவைத் திறந்து வைத்துவிடலாம். மாத்திரை, மருந்துகளை அங்கே வைக்காதீர்கள். டிவி, ஏசி எல்லாவற்றையும் ரிமோட்டில் அல்ல, சுவிட்சில் அணையுங்கள்.

புழங்காத பாத்ரூமில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அதுதான். வேலூர் வெயிலில் அது சீக்கிரம் வற்றிவிடும். வாரம் ஒருமுறை ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். இதைச் செய்யாமல் “வீடே நாறுது, செப்டிக் டேங்க்ல ஏதோ கோளாறு” என்று ஆள் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

மழைக்காலத்தில் கதை மாறும். நமக்கு ஆடி ஆவணியிலும் மழை வரும், ஐப்பசி கார்த்திகையிலும் வரும். பூட்டிய அறையில் பீரோவுக்குப் பின்னால் ஈரம் கோக்கும், பட்டுப்புடவை வீச்சமடிக்கும், ஆம்பூர்ச் செருப்பும் தோல் பையும் பூஞ்சை பூத்துப் பச்சையாகும். பீரோவைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து ஃபேனை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். கதவு நிலையில் கரையான் ஏறுகிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

ஏசியை ஓட்டுவது

2020 ஜனவரி முதல் விற்கும் ஏசிகள் 24 டிகிரியில் ஆரம்பிக்கும்படிதான் வருகின்றன. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் கரன்ட் மிச்சம் என்பது ஸ்டார் முத்திரை கொடுக்கும் பிஇஇ அமைப்பின் கணக்கு. 26 அல்லது 27-இல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்கு 24 மாதிரியே இருக்கும். சாதா ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் முப்பது வாட் பக்கம்; ஏசிக்கு முன்னால் இரண்டுமே தூசு. சீக்கிரம் குளிரட்டும் என்று 18-இல் வைப்பதில் அர்த்தமே இல்லை. பெரும்பாலும் நடப்பது, வைத்தவர் தூங்கிவிடுவார், அது விடியும்வரை 18-ஐத் தேடி ஓடும்.

“ஹாலும் கொஞ்சம் குளிரட்டுமே” என்று கதவைத் திறந்து வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கும். ஒரு டன் ஏசி முந்நூறு சதுர அடி ஹாலைக் குளிரவைக்காது. ஹாலும் குளிராமல், அறையும் குளிராமல், கம்ப்ரசர் மட்டும் நிற்காமல் ஓடும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுங்கள், மெயின் ரோட்டோரத்து வீடுகள் வாரம் ஒருமுறை. வெளியில் இருக்கும் யூனிட் பூட்டிய அறையின் ஜன்னலைப் பார்த்து அனல் ஊதாமல் இருக்க வேண்டும். ராத்திரி நீங்கள் திறந்து வைக்கும் ஜன்னல் அதுதானே.

ஏர் கூலர் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன அடைக்கும் வேலை எதுவும் பொருந்தாது. கூலருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அறை வியர்த்துக் கொட்டும். மே மாத மத்தியான வறட்டு வெயிலுக்குக் கூலர் நன்றாகவே வேலை செய்கிறது. கோடை மழை பெய்து புழுக்கம் வந்த பிறகு அதனால் பிரயோஜனமில்லை. பகலுக்கு ஹாலில் கூலர், ராத்திரிக்கு மூடிய அறையில் ஏசி என்று பிரித்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் ஊருக்கு வரும்போது

பூட்டிய அறையைத் திறக்க இரண்டு நாள் முன்னாலேயே ஆரம்பியுங்கள். முதல் நாள் ஜன்னல் கதவெல்லாம் திறந்து காற்றோட விட்டு, மெத்தையை வெயிலில் போட்டு, ஏசி ஃபில்டரைக் கழுவி, குளிர் இல்லாமல் ஃபேன் மோடில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நாள்பட்ட வீச்சம் அதில் போய்விடும். மழை நாட்களுக்குப் பிறகு என்றால் வெளி யூனிட்டுக்குள் பல்லியோ குளவிக் கூடோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். மாதக்கணக்கில் ஓடாத ஏசி குளிரவில்லை என்றால் உடனே கேஸ் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஏசிக்குள் இருக்கும் கூலிங் காயிலில் (சுருள் குழாயில்) சேர்ந்த தூசைக் கழுவச் சொல்லுங்கள், அப்புறம் எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கசிவைக் காட்டாமல் கேஸ் மட்டும் நிரப்புகிறவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம்.